பன்னிரண்டு ஜாடி அக்கா

புரட்டாசி பிறந்தால் போதும், கள்ளக்குறிச்சியில் நான் குடியிருந்த வீட்டுக்கார அக்கா காலையில் எழுந்ததும் ஜாடிகளின் வயிற்றில் காது வைத்துக் கேட்க ஆரம்பித்துவிடுவார். பல் விளக்கி, ஜெபம் சொல்லி, எனக்கும் சேர்த்துக் காபி போட்டு மூடி வைத்துவிட்டுப் பின்கட்டு அறைக்குள் போவார். அங்கே சுவரோரம் பன்னிரண்டு பீங்கான் ஜாடிகள் நிற்கும். ஊறுகாய் போடுகிற ஜாடிதான். கழுத்து பழுப்பு, உடம்பு வெள்ளை, ஒவ்வொன்றும் மூன்று படி பிடிக்கும். வாயில் வேட்டித் துணி கட்டியிருக்கும். அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நகர்வார்.

"இது பேசுது. இதுவும் பேசுது. இது ராத்திரி பூரா பேசிட்டு இப்பதான் தூங்குது. இது உங்க மாமா மாதிரி, இன்னும் எழுந்துக்கவே இல்ல."

மாமா என்றால் அவருடைய கணவர். பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

ஜாடிக்குள் இருந்தது திராட்சை ஒயின். அக்கா வீடு நாலைந்து தலைமுறையாக மாதா கோயிலைச் சேர்ந்த வீடு. கிறிஸ்துமஸ் அன்று வருகிறவர்களுக்குக் கேக்கோடு ஒரு சின்ன டம்ளர் ஒயின் கொடுப்பது அவர்கள் வழக்கம். வீட்டில் ஒயின் போடுவது சட்டப்படி சரியா தப்பா என்று அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்கள் வீட்டுக்கும் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் போய்விடும்.

அக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து, அவர் வீட்டு முன் அறையில் மூன்று வருஷம் வாடகைக்கு இருந்தேன். அந்த மூன்று வருஷத்தில் அவரிடம் நான் கண்ட குணம் ஒன்றே ஒன்றுதான். எதையும் ஒரே பாத்திரத்தில் வைக்கமாட்டார்.

உப்பு மூன்று இடத்தில் இருக்கும். அரிசி ஆறு டப்பாவில் இருக்கும். மண்ணெண்ணெயைக் கூட நாலு பாட்டிலில் ஊற்றி நாலு மூலையில் வைத்திருந்தார். தீப்பிடித்தால் நாலு பக்கமும் சேர்ந்து பிடிக்குமே என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனால் குடும்பம் மொத்தமும் ஒரே பஸ்ஸில் ஏறக்கூடாது. மாமா முதல் பஸ், அக்கா அடுத்த பஸ், அவர்களுடைய ஒரே மகள் அத்தையோடு மூன்றாவது பஸ். மாமா முதலில் போய் இறங்கி, மற்ற இருவருக்காகப் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து காத்திருந்து, திருவிழாவில் பாதியைப் பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்துவிட்டு வருவார்.

குடிவந்த முதல் வாரமே என் சர்ட்டிபிகேட்டுகளிலும் கை வைத்தார். "எல்லாத்தையும் ஒரே பொட்டியில வெச்சினு இருக்கறியே, உனக்கு பயமா இல்ல?" என்று கேட்டு, டிகிரிச் சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் பீரோவில் வைத்துவிட்டார். எனக்குக் கோபமான கோபம். அடுத்த மழைக்காலத்தில் என் பெட்டியின் அடிப்பக்கத்தைக் கரையான் தின்றது. மார்க் ஷீட் போயிற்று, டிகிரி பிழைத்தது.

"ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும்" என்பார். அவருக்கு இருந்த வேதம் பைபிளுக்கு அடுத்தபடியாக இதுதான்.

மாமா இதற்கு நேர் எதிர். அவர் சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே ஒவ்வொரு தொட்டியும் எங்கள் தெரு அகலம். எட்டு மணி நேரம் அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், பெண்டாட்டி பன்னிரண்டு ஊறுகாய் ஜாடிக்கு முன்னால் முட்டி போட்டிருப்பார். மனுஷனுக்குப் பொறுக்காது.

"ஏம்மே, பன்னெண்டு ஜாடி, பன்னெண்டு துணி, பன்னெண்டு தடவ கழுவறது. பெருசா ஒண்ணு வெச்சா ஒரே வேலையா முடிஞ்சிரும் இல்ல?"

"பெருசுல ஒரு பூசணம் புடிச்சா மொத்தமும் போச்சு. சின்னதுல புடிச்சா அதோட போவும்."

"பெருசுல சூடு சமமா நிக்கும். பகல்ல வெயிலு, விடிகாலம் குளிரு, எல்லாத்தையும் தாங்கும். உன் ஜாடி மூணு மணி வெயிலுக்கே கொதிக்குது. பன்னெண்டு ஜாடியும் பன்னெண்டு ருசி. ஒருத்தனுக்கு இனிப்பு, ஒருத்தனுக்கு துவர்ப்பு."

"மனுசாளு கூடத்தான் பன்னெண்டு விதமா கீறாங்க."

அக்காவிடம் இன்னொரு வாதமும் உண்டு. அதை மட்டும் விளையாட்டாகச் சொல்லமாட்டார். கல்வராயன் மலைச் சரிவில் ஆள் உயர டிரம்களில் சாராய ஊறல் போட்டுப் புதைத்து வைப்பார்கள். அதைக் குடித்துவிட்டுக் கண் சொருகி வருகிறவர்களை ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட்டுக் குளுக்கோஸ் ஏற்றுவது அக்காவின் வேலை. "பெரிய டிரம்முல போடறவன் விக்கறதுக்குப் போடறான். குடிக்கறவன் மூஞ்சி அவனுக்குத் தெரியாது. சின்ன ஜாடியில போட்டா யாருக்குப் போடறோம்னு தெரியும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் மாமாவும் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனாலும் மாமாவுக்கு ஆசை விடவில்லை. கச்சிராயபாளையம் சாலையில் ஒரு பழைய ஓட்டலை மூடியபோது, அங்கே ஊறுகாய் போட்டு வைத்திருந்த இடுப்பு உயரப் பீங்கான் ஜாடியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதைப் பின்கட்டு அறைக்குள் நுழைக்க நிலைக்கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. அக்கா அதற்குள் பழைய துணிகளைப் போட்டு வைத்தார். இரண்டு வருஷம் அது துணிக்கூடையாகவே இருந்தது.

அப்புறம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர். தை மாதம் கள்ளக்குறிச்சி மாதா கோயிலில் தாலி, கோயிலை ஒட்டிய மண்டபத்தில் விருந்து. நிச்சயம் பண்ண வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "சம்மந்தியம்மா, ஒயினப் பத்திக் கவலப்படாதீங்க. எங்க ஊர்ல கெடைக்காத சரக்கா? நாங்க பெட்டியோட கொண்டாந்துருவோம்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

"வேணாங்க. என் பொண்ணு கல்யாணத்துக்கு என் கையால போட்டதுதான். முந்நூறு பேரு வந்தாலும் சரி."

சொல்லியாயிற்று. சம்பந்தி வீட்டார் போன பிறகு மாமா கணக்குப் பார்த்தார். பன்னிரண்டு ஜாடி பாதிக் கூட்டத்துக்குத்தான் காணும். அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. ஆனால் அன்று முதல் அவருக்கு அந்த ஒயின்தான் கல்யாணம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புடவை, நகை, பத்திரிகை எல்லாவற்றையும் மாமாவிடம் தள்ளிவிட்டார். புதுச்சேரிக்காரர்களுக்கு முன்னால் சொன்ன சொல் நிற்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் கவலை.

திராட்சை வாங்கப் போகலாம் என்று இருந்த வாரத்தில்தான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வந்தது. எங்கள் பக்கத்தில் அதை நேரில் பார்த்தவர்கள் லேசில் மறக்கமாட்டார்கள். சாலையோரப் புளிய மரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை போகிற ரோடு, சேலம் போகிற ரோடு எதிலும் ஒரு சக்கரம் உருளவில்லை. எனக்குப் பதிலாக வரவேண்டிய ஆபரேட்டர் வெளியூரில் மாட்டிக்கொண்டாள். நான் எக்ஸ்சேஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், பஸ் எப்போது விடுவார்கள் என்று. எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அக்கா ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். தடியடியில் கை ஒடிந்த பையன்களும் வந்தார்கள், கல்லடி பட்ட போலீஸ்காரர்களும் வந்தார்கள். டாக்டர் இருக்கிற கட்டிலில் எல்லாரையும் போடச் சொன்னாராம். அக்கா கேட்கவில்லை. "ஒரே வார்டுல போட்டா இங்கயும் மறியல் ஆரம்பிச்சிடுவாங்க டாக்டர்" என்று சொல்லி, போலீஸ்காரர்களைப் பிரசவ வார்டுக்குப் பக்கத்து அறையில் படுக்க வைத்தார். பிள்ளை பெற்ற பெண்கள் தங்களுக்கு வந்த கஞ்சியில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தார்களாம். அந்த வாரத்தில் நான் கேட்ட ஒரே நல்ல செய்தி அதுதான்.

நாலாம் நாள் ஒரு லாரி டிரைவர் அதே ஆஸ்பத்திரிக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொள்ள வந்தார். தேனிப் பக்கத்துக்காரர். சென்னைக்குத் திராட்சை ஏற்றிப் போனவர், உளுந்தூர்பேட்டையில் தகராறு என்று கேள்விப்பட்டு சேலம் வழியாகச் சுற்றி வந்து, தியாகதுருகத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு புளிய மரத்துக்கு நடுவில் சிக்கிக்கொண்டார். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. மரத்தைத் தாண்டும்போது விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது.

"சரக்கு அழுகுதுக்கா. ஈயும் தேனீயும் மொய்க்குது. முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று அழுதிருக்கிறார்.

அக்கா அவர் முட்டியைக் கட்டிக்கொண்டே எவ்வளவு திராட்சை, எந்தத் திராட்சை, எத்தனை பெட்டி நசுங்கியது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அன்று சாயங்காலம் மாமா ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற மூன்று மாட்டு வண்டிகளை வயல் நடுவே போகிற வண்டித்தடம் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல பழத்தைச் சுற்று வட்டாரத்துக் கிராமங்களுக்கெல்லாம் விற்றுக் கொடுத்தார்கள். நசுங்கியது மொத்தமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. "மாட்டுக்குப் போறதுக்கு உங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போகட்டும்" என்று டிரைவர் அதற்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. பெட்டியில் நல்ல பழமும் கலந்துதான் இருந்தது. அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும்.

நான் டியூட்டி முடிந்து வந்தபோது வீடே கருநீலமாக இருந்தது. பழத்தைக் கழுவி, பிசைந்து, சர்க்கரை சேர்த்துப் பன்னிரண்டு ஜாடியும் கழுத்து வரை நிரம்பியாகிவிட்டது. முற்றத்தில் இன்னும் அவ்வளவு பழம் மிச்சம் கிடந்தது. மாமா துணிக்கூடையாக இருந்த பெரிய ஜாடியைக் கவிழ்த்துத் துணிகளைக் கொட்டினார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேறு வழி இல்லை.

"போடுங்க. ஆனா அது உங்களுது. நான் அதுல கை வெக்க மாட்டேன்."

"சரி, நானே பாத்துக்கறேன். அந்த அகப்பையக் குடு, கெளறணும்."

"அது மட்டும் குடுக்க மாட்டேன்."

அந்த அகப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டாங்கச்சியில் செய்து கைப்பிடி போட்டது. வருஷா வருஷம் ஒயின் கிளறிக் கிளறிக் கறுத்துப்போயிருக்கும். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு ஊசியையும் தனித்தனியாகக் கொதிக்க வைக்கிற அக்கா, வீட்டில் இந்த அகப்பையில் மட்டும் சோப்பு பட விடமாட்டார். மாவைக் கையால் கரைத்தால்தான் புளிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அது மாதிரி. "பொங்கறதுக்கு உண்டான உசுரே அதுலதான் இருக்குது" என்பார். மாமா கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, சந்தைக்கு மலையிலிருந்து வந்து கிடந்த மூங்கிலில் ஒரு நீளக் கழியை வாங்கிச் சீவிக்கொண்டார். அந்த ஜாடிக்கு எப்படியும் நீளக் கழிதான் வேண்டியிருந்தது.

மறியல் முடிந்த பிறகு மரம் வெட்டினவர்களைத் தேடிப் போலீஸ் தெருத்தெருவாக வந்தது. எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் மலை ஏறிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்த கான்ஸ்டபிள் பாவம், நாலு நாளாகத் தூங்காத முகம். பின்கட்டு அறையில் பெட்ஷீட் போர்த்தி நின்ற பெரிய ஜாடியைப் பார்த்தார். அதே நேரத்தில் உள்ளேயிருந்து 'குளுக்' என்று ஒரு சத்தம். லத்தியை ஓங்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

"இன்னாம்மா இது, உள்ள ஆளு இருக்குதா?"

"ஆளெல்லாம் இல்லீங்க. என் பொண்ணு கல்யாணம் இருக்குது" என்றார் அக்கா.

கான்ஸ்டபிள் துணியை விலக்கி முகர்ந்து பார்த்தார். அக்காவை ஒரு முறை பார்த்தார். முந்தின வாரம் அவர் தலையில் நாலு தையல் போட்டது அக்காதான். துணியை முன்பு இருந்த மாதிரியே மூடினார்.

"பத்திரிக எனக்கும் ஒண்ணு வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் இரண்டு பேருமே பின்கட்டு அறையில். அக்கா பன்னிரண்டு ஜாடிக்கும் காது கொடுத்து, துணியை அவிழ்த்து, அகப்பையை விட்டுக் கிளறி, மறுபடி கட்டுவார். மாமா மூங்கில் கழியோடு ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று தோணி தள்ளுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி, எனக்குக் கேட்கிற மாதிரி, "முடிஞ்சிது" என்பார். அக்கா அப்போதுதான் மூன்றாவது ஜாடியில் இருப்பார்.

பத்து நாள் போனதும் ஏழாவது ஜாடியில் மூக்கில் ஏறுகிற மாதிரி ஒரு நெடி வந்தது. அக்கா பதறவில்லை. அதுதான் அவர் எதிர்பார்த்துக்கொண்டே இருந்த விஷயம்.

"பாத்தியா? ஒண்ணுல வந்துச்சு. இதே பெருசா இருந்தா?" என்றார் என்னிடம்.

ஏழாம் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தனியாக வைத்தார். தொத்து வியாதிக்காரனைத் தனி வார்டில் போடுகிற மாதிரி. காப்பாற்றிவிடலாம் என்று அதற்குக் கொஞ்சம் சர்க்கரை போட்டு, தினமும் முதல் வேலையாகத் தோட்டத்துக்குப் போய் அதைக் கிளறிவிட்டு, அப்புறம் உள்ளே வந்து மற்ற பதினொன்றையும் கிளறுவார். நான் காபியைக் குடித்துக்கொண்டே தினமும் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இதில் எனக்கு என்மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

டிசம்பர் முதல் ஞாயிறு, வடிகட்டித் தெளிய வைத்திருந்த முதல் ஜாடியைத் திறந்தார்கள். அக்கா ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவது. நான் வாசலில் நின்றேன். மாமா பூசை முடிந்து வந்த வெள்ளை வேட்டியோடு நின்றார். பன்னிரண்டும் காடி. ஊறுகாய்க்கு ஊற்றுகிற அசல் காடி.

அக்கா தரையில் உட்கார்ந்தார். சுவரில் மாட்டியிருந்த அகப்பையை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"பன்னெண்டு பேஷண்டுக்கும் நானே ஒரே ஊசிய போட்டுட்டேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மாமா அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்னுது இருக்குது இல்ல? அத வெச்சிப்போம்."

"இன்னாத்தையோ ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். மாமாவின் ஒயினை அவர் ருசி கூடப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தவர்களுக்குக் கேக்கும் காபியும்தான். ஏன் என்று கேட்டவர்களுக்கு, எல்லாம் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருக்கிறோம் என்று மாமா பதில் சொன்னார். கல்யாண நாள் நெருங்க நெருங்க அக்கா இளைத்துக்கொண்டே போனார். "அவங்களே கொண்டாரேன்னாங்க. நான்தான் வாயக் குடுத்தேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அந்தப் புதுச்சேரி அம்மா முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்பதுதான் அவரை அரித்தது.

கல்யாணத்தன்று அக்கா மகளோடு கோயிலில் இருந்தார். தாலி கட்டி முடிந்த கையோடு மாமாவைக் காணவில்லை. விருந்துக்காக நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, கேக் வைத்த மேசைக்குப் பக்கத்து நீள மேசையில் அந்தப் பன்னிரண்டு ஜாடிகளும் வெள்ளை வெளேரென்று நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பூச்சரம். காடியை முதல் நாளே பிளாஸ்டிக் கேன்களில் மாற்றி, ஜாடிகளை வெந்நீரில் அலசி, தன்னுடைய பெரிய ஜாடி ஒயினை அவற்றில் நிரப்பி, மிச்சத்தைப் பாட்டில்களில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார் மாமா. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் டம்ளரை நீட்டி, "அவ கை வேலைங்க. பன்னெண்டு ஜாடி. நான் ஒண்ணும் பண்ணல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க அந்த ஜாடிகளைக் கிண்டல் பண்ணின மனுஷன்.

புதுச்சேரி அம்மா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சம்மந்தியம்மா, எங்க ஊர்ல கூட இப்படி ஒரு ஒயின் குடிச்சதில்ல. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. என்னா கை உங்க கை" என்றார். கூட்டம் அக்கா பக்கம் திரும்பியது. தலையில் தையல் போட்டுக்கொண்ட அந்தக் கான்ஸ்டபிளும் ஒரு டம்ளரோடு நின்றிருந்தார்.

ஒன்றும் சொல்லாமல் சிரித்திருந்தால் போதும். எல்லாம் முடிந்திருக்கும். அக்கா மேசையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். மாமா போட்ட ஒயினை அப்போதுதான் முதல் முறையாக வாயில் வைத்தார். கண்ணை மூடி விழுங்கினார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது நான் போட்டது இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு போட்டது. ஒரே பெரிய ஜாடியில போட்டாரு. நான் போட்டது மொத்தமும் காடியாப் பூடுச்சு."

மாமா கையில் இருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். புதுச்சேரி அம்மா அக்காவுக்குக் கிட்டே வந்தார். நான் என்னவோ ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

"காடியா? திராட்சக் காடியா? கொட்டிட்டீங்களா?"

"இல்லீங்க, கேன்ல கெடக்குது."

"ஐயோ, அத விட்டுராதீங்க. கடையில விக்கறதெல்லாம் வெறும் ஆசிட்டு. கறிக்கு ஊத்த நல்ல காடி கெடைக்காம நான் நாயா அலையறேன்."

அன்று சாயங்காலம் ஆறு கேன் காடி புதுச்சேரிக்குப் போனது. வேனில் ஏற்றுகிற இடத்துக்கு அக்காவே வந்து நின்று, மூன்று கேனைப் பெண் வேனிலும் மூன்று கேனை மாப்பிள்ளை வேனிலும் ஏற்றச் சொன்னார். மகளைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதார். நன்றாக, வாய்விட்டு அழுதார்.

எல்லாரும் போன பிறகு மண்டபத்தில் நாங்கள் மூன்று பேர்தான். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மாமாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது தாங்கவில்லை.

"ஏம்மே, நானே உன் ஜாடியில ஊத்தி, பூவெல்லாம் சுத்தி வெச்சேன். நீ ஏன் போட்டு ஒடச்ச? சும்மா இருந்திருக்கலாம் இல்ல?"

"இருந்திருக்கலாம்" என்றார் அக்கா. ஒரு நாற்காலியை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தார். "ஆனா நல்லா இருந்துச்சுங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் சொல்லிட்டேன்."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் கேட்க ஆசைப்பட்டது அது ஒன்றுதான் போலிருக்கிறது. அப்புறம் தைரியம் வந்து கேட்டார்.

"அப்ப அடுத்த வருசம் எல்லாத்தையும் பெரிய ஜாடியிலயே போட்டுரலாமா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு சொன்னாங்க? பன்னெண்டு ஜாடியிலதான். பன்னெண்டு அகப்ப வாங்கியாங்க."

திங்கட்கிழமை மாமா ஆலைக்கு லீவு போட்டுவிட்டு, கல்வராயன் மலை மேலே போகிற வெள்ளிமலை பஸ் ஏறினார். பொழுது சாய்வதற்குள் ஒரு கட்டு மூங்கில் அகப்பையோடு திரும்பி வந்து, முற்றத்தில் போட்டுவிட்டுக் கால் கழுவப் போனார். நான் சும்மா எண்ணிப் பார்த்தேன். பதிமூன்று இருந்தன. ஒன்றுக்கு மட்டும் கைப்பிடி ஆள் உயரம்.